91 வயதுக்காரரின் ஓட்டைக் கிதார்

ஜூலை 2024

கண்ணா,

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அன்று ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின லீவு, ஆபீஸ் நண்பர் ஒருவர் டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது வாருங்கள் என்றார், அவரோடு கேம்டனில் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் கச்சேரிக்குப் போயிருந்தேன். நீ பத்தாவது படிக்கும்போது உன் அறையில் ஓயாமல் கேட்குமே, அவரேதான். அப்போது கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். இப்போது மூன்று நாளாக அதையேதான் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1973-ல் டெக்சாஸில் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அவர் ஆரம்பித்த ஜூலை 4 பிக்னிக் என்ற இசை விழா, இந்தத் தடவை நம் பக்கம் வந்துவிட்டது. எங்களுக்குப் புல்வெளி டிக்கெட். பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிலடெல்பியா கட்டடங்கள், வெயில் இறங்கியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாடினார். வருகிற புதன்கிழமை அந்த அம்மாவுக்கு 85 முடிகிறது. சின்ன வயதிலேயே சிகாகோவில் அப்பா கிதார் வாசிக்க, கூடப் பிறந்தவர்களோடு சர்ச்சில் பாட ஆரம்பித்தவர். மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து நின்ற குடும்பம் அது. குரல் நன்றாகக் கரகரத்துவிட்டது. ஆனால் கீழ் ஸ்தாயியில் நின்றுகொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார் பார், என் பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். லெட் செப்பெலின் ராக் குழுவில் உச்சத்தில் கத்திப் பாடின ராபர்ட் பிளான்ட், பாடகி ஆலிசன் கிராஸோடு அவ்வளவு மெதுவாகப் பாடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. அப்புறம் பாப் டிலன், 83 வயது, பியானோ முன்னால் உட்கார்ந்து தெரிந்த பாட்டையெல்லாம் வேறு மெட்டில் பாடினார். சுற்றியிருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு கச்சேரியிலும் சங்கதி மாற்றிப் பாடும் வித்வான்களைக் கேட்டு வளர்ந்தவன் நான், பாட்டு அவருடையது, எப்படியும் பாடட்டும்.

வில்லி நெல்சன் வருவாரா என்பதே சந்தேகமாகத்தான் இருந்தது. இந்தப் பிக்னிக்கும் சேர்ந்த அவருடைய கச்சேரிச் சுற்றுப்பயணம் ஜூனில் ஆரம்பித்ததிலிருந்தே உடம்பு முடியாமல் அவர் மேடை ஏறவில்லை. முதல் கச்சேரிகளில் மகன் லூகாஸ்தான் அப்பாவின் குழுவோடு நின்று பாடியிருக்கிறார். அன்றைக்கு வந்தார். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கிதாரை மடியில் எடுத்து வைத்ததும் புல்வெளி முழுக்க எழுந்துவிட்டது.

அந்தக் கிதாரைப் பெரிய திரையில் பக்கத்தில் காட்டினார்கள். டிரிக்கர் என்று பெயர், மார்ட்டின் கம்பெனி செய்தது, 1969-லிருந்து அவர் கையில் இருக்கிறது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிதார், விரலால் வாசிப்பதற்கென்று செய்ததால் அதன் பலகைக்குக் காப்புத் தகடு கிடையாது. அதைப் பிக்கால், அதாவது கம்பியை மீட்டுகிற சின்னத் தகட்டால், அடித்து அடித்து, நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பலகை தேய்ந்து இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. சுற்றிலும் நண்பர்கள் போட்ட கையெழுத்துகள். வீடு தீப்பற்றி எரிந்தபோது உள்ளே போய் இதைத்தான் தூக்கி வந்தாராம். 91 வயதில் விரல் முன்னைப்போல ஓடவில்லை, சில இடத்தில் தாளத்துக்கு முன்னால் போகிறார், சில இடத்தில் பின்னால் வருகிறார், 1973-லிருந்து கூடவே மவுத் ஆர்கன் வாசிக்கிற மிக்கி ரஃபேல் அதற்குத் தகுந்தாற்போலப் பார்த்துப் பார்த்து ஊதுகிறார். நான் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கிதார் ஞாபகம் வந்தது. நீ பதினொன்றாவது வந்த வருஷம், படிப்பு முடியட்டும் என்று சொல்லி, அதைப் பெட்டியோடு மேல் அலமாரியில் ஏற்றிவைத்தேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. படிப்பு முடிந்து நீ சியாட்டில் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, நானும் இறக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு கண்ணா. உன் மார்க்குக்காகப் பயந்தேன், அவ்வளவுதான் காரணம், ஆனால் அதை உன்னிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

நேற்று இறக்கினேன். கம்பியெல்லாம் துரு, ஒன்று அறுந்திருந்தது. கடைக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, கிதாரின் கழுத்தில் மேலே முதல் மூன்று கட்டைகளில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டி, இதை வாசித்த பையன் நிறைய வாசித்திருக்கிறானே என்றார். என் மகன்தான் என்றேன். புதுக் கம்பி மாட்டிச் சுருதியும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆகஸ்டில் நாங்கள் வரும்போது எடுத்து வரட்டுமா? பிளேனில் கையிலேயே கொண்டுவரலாம் என்கிறார்கள். இல்லை, தாங்ஸ்கிவிங்குக்கு நீ வரும்போது இங்கேயே இருக்கட்டும் என்றாலும் சரி. இப்போதைக்கு ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அம்மா அதன்மேல் தூசி விழாமல் தன் பழைய புடவையைப் போட்டு மூடியிருக்கிறாள். பதில் போடு.

அப்பா