நடக்காத பயிற்சிக்கு வந்த செய்திகள்: முன்பருவச் சந்தா குறித்த புகார்

அனுப்புநர்:
முன்பருவச் சந்தாதாரர்,
கோரல்வில், அயோவா மாநிலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 3 செப்டம்பர் 2025

பொருள்: அயோவா ஹாக்ஐஸ் அணியின் முன்பருவப் பயிற்சி பற்றி நீங்கள் வெளியிட்ட பொய்ச் செய்திகளுக்கு விளக்கத்தையும் கட்டணத்தைத் திருப்பித் தருவதையும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். புகார்களை எந்த மொழியிலும் அனுப்பலாம் என்று உங்கள் நிறுவனம் அறிவித்திருப்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹாக்ஐஸின் ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமை உங்கள் செய்தியாளர் அயோவா சிட்டியில் தங்கியிருந்து நாள்தோறும் கவனித்து எழுதுவார் என்று விளம்பரம் செய்து, ஆண்டுச் சந்தாவுக்கு மேல் 39 டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் செய்தியாளர் திடல் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததற்கான அடையாளம் எதுவும் அந்தச் செய்திகளில் இல்லை. அவற்றில் பல, நடந்திருக்கவே முடியாத காரியங்களை நடந்ததாகச் சொல்கின்றன. இதுவே என் புகார். செய்திகள் சுவையாக இல்லை என்றோ, என் விருப்பத்துக்குரிய வீரரைப் பாராட்டவில்லை என்றோ நான் குறைப்படவில்லை.

முன்பருவப் பயிற்சிக்குப் பணம் கட்டுபவர் எப்படிப்பட்ட ரசிகர் என்பதை உங்கள் விற்பனைப் பிரிவு நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. செய்திப் பிரிவு அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. ஜூலை முடிவிலிருந்து முதல் ஆட்டம் வரையிலான அந்த வாரங்களில் ஸ்கோர் கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. ஆனாலும் முதல் வரிசையோடு நிற்பவர் யார், இரண்டாம் வரிசைக்கு இறங்கியவர் யார், சென்ற ஆண்டு ஓர் இடத்தில் ஆடியவரை இந்த ஆண்டு எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும். உதவித்தொகை இல்லாமல் தாமாகவே இந்த அணியில் வந்து சேர்ந்த டாலஸ் கிளார்க், தடுப்பாட்டத்தில் நிற்கும் லைன்பேக்கர் இடத்திலிருந்து, எதிராளிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் இடத்துக்கு மாற்றப்பட்டு, 2002-இல் நாட்டின் சிறந்த டைட் எண்டுக்கான மேக்கி விருதையே வாங்கினார். அப்படியொரு மாற்றத்தின் முதல் அறிகுறியைப் பயிற்சி நாளிலேயே கண்டுகொள்ள வேண்டும் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் ஆசை. 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கிர்க் ஃபெரன்ஸோ அளந்து பேசுபவர். பயிற்சிகள் பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குள் நடக்கின்றன; ஊடக நாள், சில செய்தியாளர் சந்திப்புகள், அணியின் சொந்தத் திடலான கின்னிக் மைதானத்தில் ஒரு நாள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் குழந்தைகள் நாள் என்று வெளியே தெரிவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தை நேரில் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதும் ஒருவருக்காகத்தான் நான் அந்தக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினேன்.

இந்த ஆண்டு முகாமில் அறிந்துகொள்ள நிறையவே இருந்தது. சவுத் டகோடா ஸ்டேட் அணிக்கு 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஃப்.சி.எஸ். (கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் நிலைப் பிரிவு) பட்டத்தைப் பெற்றுத் தந்த குவார்ட்டர்பேக் (பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மார்க் கிரோனோவ்ஸ்கி இங்கே மாறி வந்திருந்தார். தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் வசந்தகாலப் பயிற்சியில் அவரால் முழுமையாகப் பங்கேற்க முடியவில்லை. பல ஆண்டுகளாகப் பந்தெறியும் ஆட்டத்தில் தவித்துவந்த ஓர் அணியின் ரசிகர்களுக்கு அந்தத் தோள் எப்படி இருக்கிறது என்பதை விடப் பெரிய கேள்வி வேறு இல்லை. சென்ற சீசனில் 1,537 கெஜம் ஓடிய கேலப் ஜான்சன் போய்விட்ட பிறகு பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் இடத்துக்கு யார் என்பது அடுத்த கேள்வி. டிம் லெஸ்டர் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பை ஏற்று இது இரண்டாம் ஆண்டு என்பதால், அவருடைய திட்டம் வீரர்களுக்குப் பழகிவிட்டதா என்பதும் பார்க்க வேண்டியதாக இருந்தது. இவற்றில் ஒன்றுக்குக்கூட உங்கள் செய்திகளில், செய்தியாளர் சந்திப்பில் பயிற்சியாளர் சொன்னதைத் தாண்டி ஒரு வரி இல்லை.

இல்லாததை விட, இருந்ததுதான் கவலை தருகிறது. முகாமின் இரண்டாம் நாள் குறித்து நீங்கள் வெளியிட்ட செய்தியில், வீரர்கள் முழுக் கவசத்தோடு களமிறங்கியதாகவும், ரன்னிங் பேக்குகள் மீண்டும் மீண்டும் தரையில் வீழ்த்தப்பட்டதாகவும், மோதும் சத்தம் வேலிக்கு வெளியேயும் கேட்டதாகவும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. 2021-இல் திருத்திய விதிகளின்படி, முகாமின் முதல் ஏழு நாட்கள் உடலைப் பழக்கப்படுத்துவதற்கானவை. முதல் இரண்டு நாட்கள் ஹெல்மெட் மட்டுமே அணியலாம். அடுத்த மூன்று நாட்கள் ஹெல்மெட்டோடு தோள் கவசமான ஷோல்டர் பேட் சேரும். முழுக் கவசம் அதற்குப் பின்னர்தான். ஆகஸ்டில் அயோவாவின் சோள வயல்கள் வெளிவிடும் ஈரம் காற்றில் ஏறி நிற்கும் நாட்களில் இங்கே வசித்தவர் எவருக்கும் இந்த ஏற்பாட்டின் தேவை புரியும். மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்னேர் 2018-இல் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இரண்டு வாரங்களுக்குப் பின் உயிரிழந்ததிலிருந்து இது போன்ற விதிகளை நாடே உன்னிப்பாகக் கவனிக்கிறது. ஆகவே, இரண்டாம் நாளிலேயே முழுக் கவச மோதல் நடந்தது என்று எழுதுவது ஒரு பயிற்சிக் குழு தன் மாணவர்களின் உயிரோடு விளையாடியது என்று குற்றம் சாட்டுவதற்குச் சமம். அது உண்மையென்றால் அதையே தலைப்பாக்கி, ஆதாரத்தோடு நீங்கள் வெளியிட்டிருக்க வேண்டும். உண்மையில்லை என்றால் உடனே திருத்தியிருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

இரண்டாம் வாரத்துச் செய்தி ஒன்று, காலையிலும் மாலையிலும் அணி முழு வேகத்தில் மோதிப் பயிற்சி செய்ததாகச் சொல்கிறது. ஒரே நாளில் இரண்டு மோதல் பயிற்சிகள் நடத்துவதை என்.சி.ஏ.ஏ. 2017-இலேயே தடை செய்துவிட்டது. அதன் பின் வந்த இன்னொரு செய்தி அணியின் மூன்றாவது ஸ்க்ரிம்மேஜை (அணி தனக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டத்தை) வருணிக்கிறது. 2021-க்குப் பிறகு முகாமில் அனுமதிக்கப்படுபவை இரண்டு மட்டுமே. முழுக் கவசப் பயிற்சிகளை ஒன்பதுக்கு மேல் நடத்தக் கூடாது, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து மூன்று நாட்கள் முழு மோதல் கூடாது என்றெல்லாம் வரம்புகள் இருக்கின்றன. உங்கள் செய்திகளை அப்படியே நம்பினால், இந்த அணி அவை எல்லாவற்றையும் மீறியிருக்க வேண்டும். உங்கள் எழுத்தாளர் மனத்தில் வைத்திருந்தது 1954-இல் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை ஜங்ஷன் என்ற ஊருக்கு அழைத்துச் சென்று, வறட்சியிலும் வெயிலிலும் பத்து நாட்கள் வதைத்த முகாமாக இருக்கலாம் என்று தோன்றியது. (அந்த அணி அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.)

இவை விதி தெரியாத ஒருவரின் பிழைகள் என்று நீங்கள் சமாதானம் சொல்லக்கூடும் என்பதால் அடுத்ததைக் குறிப்பிடுகிறேன். முதல் வாரத்துச் செய்தி ஒன்றில், முதல் வரிசைத் தாக்குதல் அணியோடு கேலப் ஜான்சன் ஓடிப் பயிற்சி செய்ததாகவும், அவருடைய வேகம் முன்னைவிடக் கூடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரை தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். ஏப்ரல் மாதம் நடத்திய வீரர் தேர்வில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி மூன்றாம் சுற்றில் எடுத்துக்கொண்டது. நீங்கள் அவரை அயோவா சிட்டியில் பார்த்ததாகச் சொல்லும் ஆகஸ்டில் அவர் பென்சில்வேனியாவில் தொழில்முறை வீரராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்து எழுதும் எவரும் இந்தப் பிழையைச் செய்ய வழியே இல்லை. பழைய ஆண்டின் செய்திகளைக் குடைந்து ஒருவரோ ஓர் இயந்திரமோ தொகுத்துக் கொடுத்ததற்கு மேலே உங்கள் செய்தியாளரின் பெயர் போடப்பட்டிருக்கிறது என்றே நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த முடிவு தவறென்றால் அதைக் காட்டுவது உங்களுக்கு எளிது: அணி அவருக்கு வழங்கிய ஊடக அனுமதிச் சீட்டின் நகலையோ, அவர் திடலில் எடுத்த ஒரு புகைப்படத்தையோ அனுப்பினால் போதும்.

மூடிய பயிற்சிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய உங்கள் சேவை, எவர் வேண்டுமானாலும் உள்ளே வந்து அமர்ந்து பார்க்கக்கூடிய ஒரே பயிற்சியான குழந்தைகள் நாளைப் பற்றி வெளியிட்டது இரண்டு வாக்கியங்கள். அவற்றில் ஒன்று வானிலை. நானும் அன்று கின்னிக் மைதானத்தில் இருந்தேன். கிரோனோவ்ஸ்கி பந்தெறிவதைக் காணவே வந்தவர்கள் என்னைச் சுற்றிலும் இருந்தார்கள். அவர் எறியும் ஒவ்வொரு நீண்ட பந்துக்கும் அவர்கள் தோளைத்தான் பார்த்தார்கள், பந்தை அல்ல. அன்றைக்கு ஒரு செய்தியாளருக்குச் செலவு என்பது வாகன நிறுத்தக் கட்டணம் மட்டுமே. அந்த நாளின் மதிப்பு என்ன என்பதற்கு 2023 சாட்சி: அந்த ஆண்டுக் குழந்தைகள் நாளில்தான் அப்போதைய குவார்ட்டர்பேக் கேட் மெக்னமாரா காலில் அடிபட்டுப் பயிற்சியிலிருந்து விலகினார், அங்கே இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அன்று மாலைக்குள் மாநிலம் முழுவதும் அறிந்தது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய நாளில் உங்கள் சேவை வாய்மூடி இருந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

காயம் என்று வரும்போது விஷயம் இன்னும் கடுமையாகிறது. ஆகஸ்ட் நடுவில், தொடக்க வரிசை ஆஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) வீரர் ஒருவர் முழங்காலில் அடிபட்டு அந்த சீசனையே இழக்கக்கூடும் என்று எங்கள் கைப்பேசிகளுக்கு அவசர அறிவிப்பு அனுப்பினீர்கள். சில மணி நேரத்தில் அந்தச் செய்தி உங்கள் செயலியிலிருந்து காணாமல் போனது. திருத்தமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஆல்பனி அணியை 34–7 என்று வென்ற முதல் ஆட்டத்தில் அதே வீரர் ஆரம்பம் முதல் ஆடினார். அயோவா ஆடும் பிக் டென் கூட்டமைப்பு 2023 முதல் அணிகளின் வீரர் நிலை அறிக்கைகளைக் கட்டாயமாக்கியிருந்தாலும் அவை ஆட்ட நாளன்றுதான் வெளிவரும். ஆகஸ்ட் மாதத்தில் அப்படி எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில் உங்கள் அறிவிப்பையே உண்மையாகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். அயோவாவில் 2019 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. இத்தகைய அறிவிப்பை நம்பிப் பணம் வைப்பவர்கள் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள், ஏனென்றால் அந்தச் செய்திக்குக் கீழேயே ஒரு பந்தய விளம்பரம் இருந்தது. பந்தயத்தில் எனக்கு நாட்டமில்லை. இருபது வயது மாணவர் ஒருவரின் முழங்காலைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதி, அதை ஊர் முழுக்க அனுப்பிவிட்டு, சத்தமில்லாமல் அழித்துவிடுவது எந்தச் செய்தி நிறுவனத்துக்கும் அழகல்ல என்பதே என் கருத்து.

இவற்றையெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு முன்பே எழுதினேன். வந்த பதிலில், முகாம் செய்திகள் எழுதுபவரின் பார்வையையும் கருத்தையும் சார்ந்தவை என்றும், என் அதிருப்தியைக் கருத்தில் கொண்டு அடுத்த சீசன் சந்தாவில் தள்ளுபடி தருவதாகவும் சொல்லப்பட்டிருந்தது. ஒரு வீரர் நன்றாக ஆடினார் என்பது கருத்து. அவர் அந்த மாநிலத்திலேயே இல்லாதபோது அங்கே ஆடினார் என்பது கருத்தாகாது. கேட்காத தள்ளுபடியை ஏற்றுக்கொண்டால் அடுத்த ஆகஸ்டிலும் இதே கடிதத்தை நான் எழுத வேண்டியிருக்கும் என்பதால் அதை மறுக்கிறேன்.

கட்டணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பருவக் கூடுதல் சந்தா முதல் ஆட்டத்தோடு முடியும் என்று கூறப்பட்டிருந்தும், செப்டம்பர் முதல் தேதி என் அட்டையிலிருந்து மீண்டும் அதே தொகை எடுக்கப்பட்டுள்ளது. வங்கி விவரத்தை இணைத்துள்ளேன்.

ஆகவே, முன்பருவச் சேவைக்காக என்னிடம் வாங்கிய 39 டாலரையும், செப்டம்பரில் எடுத்த தொகையையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை என் கணக்கில் நிறுத்த வேண்டும். மேலே குறிப்பிட்ட செய்திகள் ஒவ்வொன்றுக்கும், காயம் குறித்த அந்த அறிவிப்பு உட்பட, அதைப் பெற்ற எல்லாச் சந்தாதாரர்களுக்கும் போய்ச் சேரும் வகையில் திருத்தம் வெளியிட வேண்டும். அந்தச் செய்திகளை எழுதியவர் யார், அவர் எந்தெந்த நாட்களில் எந்தப் பயிற்சியை நேரில் பார்த்தார், அவற்றில் எவை இயந்திரத்தால் எழுதப்பட்டவை என்பதற்கு எழுத்துமூலமான பதிலையும் எதிர்பார்க்கிறேன். பணத்தை மட்டும் திருப்பித் தந்துவிட்டுத் திருத்தத்தைத் தவிர்த்தால் இந்தப் புகார் தீர்ந்ததாகக் கொள்ள மாட்டேன்.

சம்பந்தப்பட்ட செய்திகள் உங்கள் செயலியிலிருந்து நீக்கப்படுவதற்கு முன்பு எடுத்த திரைப்பதிவுகளை, தேதி வாரியாக, இக்கடிதத்துடன் அனுப்பியுள்ளேன். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே ஆவணங்களை அயோவா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

(கணக்கு விவரங்களும் கையொப்பமும் இணைப்பில்.)