ஆண்டறிக்கை: ஹூணர்களைப் படித்த ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, நம் வரலாற்று வாசகர் வட்டம் இந்த ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துக்கொண்டது: ஐரோப்பாவுக்குள் வந்த ஹூணர்களின் தலைமையும், அவர்களுடைய குலங்களுக்குள் நடந்த அரசியலும். மாதம் ஒரு கூட்டம். மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நின்றுபோனது.

தொடங்கும்போது நம்மில் பலருக்கு ஹூண அரசன் அட்டிலா என்ற ஒரு பெயர்தான் தெரியும். ஆனால் 376இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஹூணர்களுக்கு அஞ்சி டான்யூப் ஆற்றைக் கடந்து ரோம எல்லைக்குள் வந்தபோது, ஹூணர்களுக்குப் பேரரசன் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அரசனுக்குக் கட்டுப்படாமல் அவரவர் தலைவர்கள் பின்னால் போனார்கள் என்றுதான் அக்கால ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார்.

நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டவர் உல்டின் என்ற ஹூணத் தலைவர். 408இல் டான்யூபுக்குத் தெற்கே ரோமர் வசமிருந்த திரேசுக்குள் புகுந்தவர், சமாதானம் பேச வந்த ரோம அதிகாரியிடம் உதிக்கும் சூரியனைக் காட்டி, அது பார்க்கும் நிலமெல்லாம் தன்னால் பிடிக்க முடியும் என்றார். ரோமர்கள் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. அவருக்குக் கீழே இருந்தவர்களிடம் பேரரசரின் கொடையைப் பற்றிப் பேசினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவ, உல்டின் ஆற்றைக் கடந்து தப்பியதே பெரும்பாடு. பின்னால் வந்த தலைவர்கள் எல்லோருக்கும் இதே பயம் இருந்தது என்பது என் கருத்து. அட்டிலாவின் தந்தையோடு பிறந்தவரும் அட்டிலாவுக்கு முன் ஹூணர்களை ஆண்டவருமான ரூவாவும் டான்யூப் கரையில் தன்னை விட்டு ரோமர் பக்கம் ஓடிய குலங்களைத் திரும்பக் கேட்டுத்தான் போர் மிரட்டல் விட்டார்.

அவருக்குப் பின் அட்டிலாவும் அண்ணன் பிளேடாவும் மார்கஸ் என்ற ரோம எல்லை நகருக்கு வெளியே குதிரை மேல் இருந்தபடியே ரோமர்களோடு செய்த உடன்படிக்கையில், ரோமர் தரும் ஆண்டுக் கப்பம் 350 ராத்தல் பொன்னிலிருந்து 700 ஆனது. பொன் முக்கியம்தான். அதைவிட முக்கியம் தப்பி ஓடியவர்களை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை. அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களில் மாமாஸ், அட்டகாம் என்ற அரச குடும்பத்துப் பிள்ளைகள் இருவரைச் சிலுவையில் ஏற்றினார்கள். ரோமர் பக்கம் வாழும் ஒவ்வொரு உறவினனும் நாளைய போட்டி அரசன். இந்தப் பகுதியைப் படித்த மாலை நம் கூட்டத்தில் வெகு நேரம் யாரும் பேசவில்லை.

கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த அக்காட்சிரி மக்களின் கதையும் அப்படியே மனதில் நிற்கிறது. அவர்களுக்குப் பல தலைவர்கள். அட்டிலாவிடமிருந்து பிரிப்பதற்காகப் கிழக்கு ரோமப் பேரரசர் தியோடோசியஸ் அனைவருக்கும் பரிசு அனுப்பினார். கொண்டுபோனவர் வரிசை தெரியாமல் கொடுத்துவிட்டார். மூத்தவரான குரிடாகஸுக்கு இரண்டாவதாகத்தான் கிடைத்தது. முதல் மரியாதை போய்விட்டதே என்று அவர் அட்டிலாவையே அழைத்தார். அட்டிலா மற்றவர்களை அடக்கினார். அப்புறம் குரிடாகஸையும் கூப்பிட்டார். சூரியனையே நேராகப் பார்க்க முடியாதபோது தெய்வங்களில் பெரிய தெய்வத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லி, அவர் போகாமலே தன் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டார். எஞ்சியவர்களுக்கு அட்டிலாவின் மூத்த மகன் எல்லாக் அரசனானான்.

பிளேடாவை அட்டிலா கொன்றது 445 வாக்கில். ஆனால் 449இல் அட்டிலாவிடம் சென்ற ரோமத் தூதுக்குழுவோடு போன வரலாற்றாசிரியர் பிரிஸ்கஸ், புயலில் கூடாரத்தை இழந்து ஒரு கிராமத்தில் ஒதுங்கினார். அந்தக் கிராமம் பிளேடாவின் மனைவி ஒருத்தியின் கையில் இருந்தது. அண்ணனைக் கொன்றவர் அவருடைய மனைவியின் உரிமையைப் பறிக்கவில்லை. விருந்தோம்பலுக்கு நன்றியாகத் தூதர்கள் கொடுத்தவை: மூன்று வெள்ளிக் கிண்ணங்கள், சிவப்புத் தோல்கள், பேரீச்சம்பழம், அப்புறம் இந்தியாவிலிருந்து வந்த மிளகு.

453இல் அட்டிலா இறந்தார். மகன்கள் தங்களுக்குக் கீழிருந்த மக்களைப் பாகம் பிரித்துக்கொள்ளப் பார்த்தார்கள். சொத்தைப் போலத் தங்களைப் பங்கு போடுகிறார்களே என்று அப்படிக் கீழிருந்த ஜெர்மானிய இனமான கெபிட்களின் அரசன் ஆர்டரிக் கொதித்தெழுந்தார். அட்டிலா பெரிதும் நம்பிய ஆலோசகர்களில் ஒருவர் அவர். நெடாவோ ஆற்றங்கரைப் போரில் எல்லாக் மாண்டான். 469இல் இன்னொரு மகன் டெங்கிசிக்கின் தலை கிழக்கு ரோமத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டுக்கு அந்த மிளகு போன வழியையே படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. முசிறியில் யவனர் பொன் கொடுத்து மிளகு ஏற்றிப் போனதைச் சங்கப் பாட்டு சொல்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு முறையும் வரைபடம் வரைந்து கொண்டுவந்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்