காயிதே மில்லத் புத்தகம்: கைகொடுத்த எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கிய தலைவர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிபு பற்றி நாங்கள் போட நினைத்த சின்னப் புத்தகம் ஒருவழியாக அச்சாகி, அவர் பிறந்த நாளான ஜூன் 5 அன்று, அவர் பிறந்த திருநெல்வேலி பேட்டையிலேயே பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. மேடையில் எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி மைக்கைச் சரிசெய்வதிலேயே போய்விட்டதால் நன்றியை இங்கே சாவகாசமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில், கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொன்ன பெரியவர்களுக்கு. எல்லோரும் அநேகமாக ஒன்றைத்தான் சொன்னார்கள்: அவ்வளவு பெரிய தலைவர், அவ்வளவு எளிமை. குரோம்பேட்டை வீடு, அதே ஷெர்வானி, அதே தொப்பி. 1962 சீனப் போரின்போது தன் ஒரே மகனைப் படைக்கு அனுப்பத் தயார் என்று நேருவுக்கு எழுதிய கதையைச் சொல்லாத ஆளே இல்லை. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் புத்தகத்துக்கு முதுகெலும்பு கொடுத்தது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாதான். "எளிமையான மனுஷர்னு ஊருக்கே தெரியும்ப்பா, சபையில அவர் என்ன பேசினாருன்னு போடுங்க" என்று தொடக்கத்திலேயே போனில் சொல்லிவிட்டார். எளிமை எளிமை என்று சொல்லிச் சொல்லியே நாம் ஒருவரின் அரசியலை மறந்துவிடுகிறோம் என்பது அவருடைய நெடுநாள் கோபம், எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஐயா, அந்த ஒரு போனுக்கே தனியாக நன்றி.

அப்புறம், நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களைத் தேடி எடுத்த கல்லூரித் தங்கை. அச்சில் சாகிபு பெயரை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கத்தில் வேறு மாதிரியும் போட்டிருப்பார்கள், தேடினால் சிக்காது. அந்தப் பிள்ளை பெயரை விட்டுவிட்டு, பேச்சாளர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் 'மெட்ராஸ்: முஸ்லிம்' என்பதைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது. அப்படித்தான் 1948 நவம்பரில் பொது சிவில் சட்டப் பிரிவு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் சொந்தச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம் கிடைத்தது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், பழைய மொழிதான் வேண்டுமென்றால் தமிழ் இருக்கிறதே என்று அவர் பேசியதும் கிடைத்தது. சபையில் எத்தனை பேர் அதை ரசித்திருப்பார்கள் என்று தெரியாது, நான் ரசித்து ரசித்துப் படித்தேன்.

சென்னையிலிருந்து ராஜாஜி மண்டபத்தைப் படமெடுத்து அனுப்பிய தம்பிக்கும் நன்றி. 1948 மார்ச் 10 அன்று அங்கே கூடித்தான், பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம் லீக்கே வேண்டாம், கலைத்துவிடலாம் என்ற நெருக்கடியையும் மீறி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். அப்போது அவர் மதராஸ் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் வேறு. முஸ்லிம்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஒரு காலத்தில், ஒளிந்துகொள்ளாமல் சட்டத்துக்குள் நின்று கட்சி நடத்துவது என்று முடிவெடுத்ததுதான் என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம். அவருடைய கூட்டணிக் கணக்குகளில் எனக்கு விமர்சனம் உண்டு, அதை முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன், எடுக்கச் சொல்லாத ஜமாஅத் பெரியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஒரு நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் காட்டவே மாட்டோம் என்றார்கள். சரி, அதை விடுவோம். அங்கே கிடைக்காததை வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் தந்த தோல் வியாபாரக் குடும்பத்துக்குப் பெரிய கும்பிடு. சாகிபும் தோல் வணிகத்தில் இருந்தவர்தான் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 1991இல் அவர் பெயரை வைத்து, 1997இல் மாவட்டங்களிலிருந்து எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்தபோது அதுவும் போன கதையை நினைவூட்டிய நாகூர் நண்பருக்கு, அட்டைப்படம் வரைந்தவருக்கு, பாக்கியைக் கேட்காமலே காத்திருந்த அச்சக அண்ணனுக்கு, அன்றைக்குப் பந்தலில் சோறு போட்ட பெண்கள் எல்லோருக்கும் நன்றி.

இன்னொரு உதவி வேண்டும். 1962, 1967, 1971 மூன்று தேர்தலிலும் அவரை மக்களவைக்கு அனுப்பியது கேரளத்தின் மஞ்சேரி. அந்தப் பக்கத்து நினைவுகள் எங்களிடம் ரொம்பக் குறைவு. மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது, அடுத்த பதிப்புக்குள் அனுப்பிவையுங்கள்.