புதுப் பெயருடன் வருபவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

உன் அலுவலகப் பிரிவில் இத்தனை காலம் ஆணாக அறியப்பட்டவர், விடுப்பு முடிந்து பெண்ணாக, புதுப் பெயருடன் வரப்போகிறார் என்று எழுதியிருந்தாய். நீ என்ன செய்யலாம் என்று கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதலில் அவரிடமே பேசு. மற்றவர்களுக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, எல்லாம் அவர் முடிவு. அவர் கேட்காமல் வரவேற்புக் கூட்டம் எதுவும் வைத்துவிடாதே.

பெயர் விஷயத்தில் மட்டும் கறாராக இரு. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 129 திருநர் இளைஞர்களிடம், அதாவது திருநங்கை, திருநம்பி போன்றவர்களிடம், வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என எங்கெல்லாம் தாங்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்டார்கள். அப்படி அழைக்கப்படும் இடங்கள் கூடக்கூட மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. ஆகவே மின்னஞ்சல், அடையாள அட்டை, வருகைப் பட்டியல் எல்லாவற்றிலும் பெயரை மாற்றும் அலைச்சலை நீயே எடுத்துக்கொள். கழிப்பறை பற்றியும் அவர் வருவதற்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி முடித்துவிடு.

யாராவது பழைய பெயரைச் சொல்லிவிட்டால் சரியான பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். நீண்ட மன்னிப்பு கேட்டால், அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அவர் இல்லாத நேரத்திலும் இதைச் செய். அங்கேதான் கிண்டல் தொடங்கும், அங்கே உன் குரல்தான் வேண்டும்.

உங்கள் மூத்த அதிகாரி திருநராக இருப்பதை மனநோய் என்றாராமே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற புதிய நோய் வகைப்பாட்டில் இது மனநோய்ப் பட்டியலில் இல்லை. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பொறுமையாக எடுத்துச் சொல். சிகிச்சை, உடல் பற்றிய கேள்விகளை யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடு. வேறு யாரிடமாவது இப்படிக் கேட்போமா?

அப்புறம், அவருக்குத் தருவதாக இருந்த பெரிய பொறுப்பை, "பாவம், கொஞ்ச நாள் போகட்டும்" என்று வேறொருவருக்கு மாற்றிவிடாதே. அந்த இரக்கம்தான் பலருடைய பதவி உயர்வைத் தின்கிறது. அவர் வேலையில் கெட்டிக்காரர் என்று நீயே எத்தனை முறை எழுதியிருக்கிறாய்!

அவர் சேர்ந்த பிறகு எப்படிப் போகிறது என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்