எட்டு மடங்கு போதும்

அன்புள்ள மகளுக்கு,

பகலில் பறவைகளையும் இரவில் வானத்தையும் பார்க்க ஒரே பைனாகுலர் வேண்டும் என்றும், கையில் இருப்பது சிறு தொகை என்பதால் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். நான் ஏமாந்ததிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது மடங்கு வரை ஜூம் செய்யலாம் என்ற விளம்பரத்தை நம்பி முன்பு ஒன்றை வாங்கினேன். மடங்கு கூடக்கூட என் கைநடுக்கமும் கூடவே பெரிதாகி, காட்சியும் மங்கி, கிளையில் இருந்த பறவை கடைசிவரை ஒரு கறுப்புப் புள்ளியாகவே இருந்தது. ஜூம் உள்ளதை நீ தொடவே வேண்டாம்.

பைனாகுலரின் மேல் எழுதியிருக்கும் 8×42 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் 5.25 மி.மீ.தான் உன் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம். நல்ல வெயிலில் கண்ணின் பாவை இரண்டு மூன்று மி.மீ. அளவே திறந்திருப்பதால் 8×25 போன்ற சிறிய கருவியிலும் குறை தெரியாது; பொழுது சாய்ந்து பாவை விரியும்போதுதான் அதன் காட்சி இருண்டுபோகும். 10×50 வானத்துக்கு நல்லதுதான், ஆனால் அதன் எடையால் கழுத்து வலிக்கும். 8×42-ஐச் சுவரில் சாய்ந்து அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் பார்த்துவிடலாம்.

நேர்குழாய் வடிவில் ஒடுக்கமாக இருப்பவை, தலைகீழான காட்சியை நேராக்க ‘ரூஃப்’ என்ற வகைப் பட்டகம் கொண்டவை. அந்தப் பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பதால் தெளிவு சற்றுக் குறையும். அதைச் சரிசெய்யத் தனிப் பூச்சு வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். தோள் அகன்ற பழைய போரோ வடிவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால், குறைந்த விலையில் அதுவே பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் மழையில் நனையவிடக் கூடாது என்பது அதன் குறை. உனக்கு அது பொருட்டல்ல என்றே நினைக்கிறேன்.

பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே அத்தகைய பரப்புகள் பத்துக்கு மேல் இருக்கும். எனவே ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’, அதாவது எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு, என்று எழுதியிருக்கிறதா என்று பார். மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் வில்லை வெறும் பகட்டு. நீ மூக்குக்கண்ணாடி அணிபவள். கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாத தூரத்தில் முழுக்காட்சியும் தெரிய வேண்டும்.

வாங்குமுன் தொலைவில் உள்ள கூரை விளிம்பு ஒன்றைச் சில நிமிடங்கள் பார். அது இரண்டாகத் தெரிந்தாலோ கண் இழுப்பதுபோல் இருந்தாலோ இரு குழல்களும் ஒரே திசையில் பொருந்தவில்லை என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. சரியாக இருந்தால், இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தையும் பிறகு வலக்கண்ணுக்கு அந்தப் பக்கக் கண்வில்லையின் வளையத்தையும் திருப்பித் தெளிவாக்கிக்கொண்டு, வளையம் நிற்கும் குறியை எழுதி வைத்துக்கொள். நான் அங்கு வரும்போது நிச்சயம் அதை என் கண்ணுக்கு மாற்றிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா