எல்லாக் கரப்பானும் வெறும் கரப்பான் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் நோய்) வந்தால் எங்கள் சாட்ஸ்வொர்த் வீடுகளில் வேப்பிலைத் தண்ணீர், பிறகு மருந்துக்கடைக் களிம்பு. தப்பில்லை; பெரும்பாலான கரப்பான் சாதாரணமானதுதான். ஆனால் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த சில குழந்தைகளிடம் அந்தக் குறை தோலில்தான் முதலில் தலைகாட்டுகிறது.

அப்படிப்பட்ட பிறவி நோய்களில் ஒன்றான விஸ்காட்-ஆல்ட்ரிச் குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். கரப்பானோடு காதில் அடிக்கடி சீழ் வடியும். தோலில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் அவை மறையாது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து தோலுக்குள் கசிந்த ரத்தம் அது. தாய்வழியாக வரும் நோய் என்பதால், "தாய்மாமன் யாராவது சின்ன வயதில் தவறினாரா?" என்று மருத்துவர் கேட்டால் மழுப்பக் கூடாது. (நம் வீடுகளில் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள்!)

தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்புச் சக்திக் குறைவு என்றாலே எச்.ஐ.வி. நினைவுதான். அது இல்லை என்று சோதனை சொன்னதும் நிம்மதியாகி, மேற்கொண்டு தேடாமல் விட்டுவிடுகிறோம்.

பிறந்ததும் இங்கே போடும் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. கடுமையான பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஊசி போட்ட இடம் ஆறாமல், அக்குளில் நெறி கட்டி, அந்தக் கிருமி உடலெங்கும் பரவக்கூடும். மற்றக் குழந்தைகளுக்கு அது அவசியமான ஊசி. பயந்து தவிர்த்துவிட வேண்டாம்.

குழந்தை நோய் எதிர்ப்பியல் நிபுணர் ஒருவரிடம் இதுபற்றி விரிவான கட்டுரை வாங்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்