கம்யூனிட்டி காலேஜ்காரர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவினருக்கும், அமெரிக்காவில் மற்ற ஊர்களில் சங்கம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வேலை பார்க்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி, போன வாரம் இந்த ஆண்டின் சாதனைப் பட்டியலை அனுப்பியது. செமஸ்டர் முடிகிறபோது வழக்கமாக வருவதுதான்: ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் என்று மூன்று பிரிவு. அன்று சாயங்காலமே நம் சங்கத்தின் பாராட்டு விழாப் படிவமும் வந்து சேர்ந்தது. அதில் ‘எந்தப் பல்கலைக்கழகம்?’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களும் முடித்தவர்களும் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு குறிப்பு. கல்லூரிப் பட்டியலில் நான்கு தமிழ்ப் பெயர்கள் இருந்தன. படிவத்தில் இருக்கிறபடி பார்த்தால் அந்த நான்கு பேரில் ஒருவர்கூட மேடை ஏற முடியாது. அதனால்தான் இந்த மடல்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். 2008இல் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணையாக, வந்தவள். அந்த விசாவில் அப்போது வேலை பார்க்க முடியாது, படிக்கலாம். எம்.எஸ்ஸி. கணிதச் சான்றிதழ் பெட்டிக்குள் கிடக்க, பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் செமஸ்டருக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். வீட்டில் சும்மா இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்ற பயம்தான் காரணம். 2015 மே மாதம் ஹெச்-4இல் இருக்கும் துணைவர்களில் ஒரு பிரிவினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. எனக்கு வகுப்பெடுத்த அதே துறை என்னை அட்ஜங்க்டாக, அதாவது பகுதிநேர ஆசிரியராக, எடுத்துக்கொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையோடு பேசவில்லை. நான் சோறு உண்ட வீட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

பட்டியலில் இருக்கும் ஒரு பையனைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரிகிற விவரங்களை விட்டுவிட்டேன். பள்ளி முடித்ததும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தான். அந்த வருடம் அவன் நம் மேடையில் நின்றான், நீங்கள் கை தட்டினீர்கள். அடுத்த வருடம் மனசு சரியில்லாமல், பாடங்களில் தோற்று, வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அம்மா எனக்கு போன் செய்தார். “காலேஜ்ல சேத்துவிட்டுடுங்க அக்கா, ஆனா சங்கத்துல யாருக்கும் தெரியவேணாம். ஆன்லைன்ல படிக்கிறான்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பிள்ளை தோற்றதைவிட நாம் என்ன நினைப்போம் என்பதுதான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

இரண்டாவது கால்குலஸ் வகுப்புக்கு வந்தான். வகுப்பில் ‘ப்ரொஃபசர்’, பார்க்கிங்கில் ‘ஆன்ட்டி’. முதல் ஒரு மாதம் கடைசி வரிசை, ஒரு வார்த்தை பேச மாட்டான். ஒரு நாள் முடிவிலித் தொடர்களை ஆரம்பித்தேன்: 1/2 + 1/4 + 1/8 என்று பாதி பாதியாகப் போய்க்கொண்டே இருக்கும் கூட்டல். பகலெல்லாம் கிடங்கில் சரக்கு ஏற்றிவிட்டு வகுப்புக்கு வருகிற ஒரு பெரியவர், “முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை எப்படி 1 என்று நிற்கும்?” என்று கேட்டார். நான் பலகையில் எழுதி விளக்கினேன், அவர் முகம் தெளியவில்லை. பையன் எழுந்து வந்து ஒரு தாளை எடுத்தான். பாதியாகக் கிழித்து ஒரு பாதியை அவர் முன்னால் வைத்தான். கையிலிருந்ததை மறுபடி பாதியாக்கி அதில் ஒன்றை வைத்தான். மறுபடி, மறுபடி. விரல்நகம் அளவுக்கு வந்ததும், “இப்படியே போனா உங்ககிட்ட எவ்வளவு தாள் சேரும்?” என்று கேட்டான். “ஒரு தாள்தான், அதுக்கு மேல எப்படி வரும்?” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அடுத்த செமஸ்டரிலிருந்து அவன் எங்கள் கணித உதவி மையத்தில் சக மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறான். ஃபை தீட்டா காப்பாவில் சேர்த்துக்கொண்டார்கள். இது 1918இல் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்காகவே தொடங்கிய கௌரவச் சங்கம். பொதுவாக மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 4க்கு 3.5 இருந்தால்தான் அழைப்பு வரும். இந்த இலையுதிர் பருவத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவனாக, மூன்றாம் ஆண்டிலேயே, மாநிலப் பல்கலைக்கழகம் போகிறான். படிவத்தில் ‘சேர்ந்தவர்கள்’ என்பதில் அவனை அடக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். நான் கேட்டுப் பார்த்தேன். புதுமுக மாணவர்களுக்குத்தான் அது என்று பதில் வந்தது. தோற்றுப் போவதற்கு முன்னால் கூப்பிட்டோம். எழுந்து வந்தபிறகு கூப்பிடவில்லை என்றால் எப்படி?

அப்புறம் நர்சிங். நம் சங்கத்தில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு சகோதரி, ஐம்பதைத் தொடும் வயதில், இந்த வருடம் அசோசியேட் டிகிரி நர்சிங் முடித்திருக்கிறார். இரண்டாண்டு நர்சிங் படிப்பு ஏதோ குறைந்த படிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நல்ல செவிலியரை இரண்டே ஆண்டில் உருவாக்க முடியும் என்று மில்ட்ரெட் மான்டாக் என்ற அம்மையார் 1952இல் தொடங்கிய சோதனை முயற்சியிலிருந்து வளர்ந்த படிப்பு அது. முடிக்கிறவர்கள் எழுதுவது என்க்ளெக்ஸ்-ஆர்என் என்ற செவிலியர் உரிமத் தேர்வு. நான்காண்டு படித்தவர்கள் எழுதுவதும் அதே தேர்வுதான், கிடைப்பதும் அதே உரிமம்தான். அதிகாலை ஆறு மணிக்கு மருத்துவமனைப் பயிற்சி, மத்தியானம் ஆய்வகம், ராத்திரி பரீட்சைக்குப் படிப்பு. இத்தனைக்கும் நடுவில் சனிக்கிழமை தமிழ் வகுப்பை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

நர்சிங் முடித்தவர்களுக்குப் பட்டமளிப்புக்கு முன்னால் ‘பின்னிங்’ என்று ஒரு சடங்கு உண்டு. கல்லூரியின் சின்னம் பொறித்த பின்னை, வீட்டார் ஒருவர் வந்து குத்திவிடுவார். சகோதரிக்குக் குத்த அவர் மகள் வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையின் கழுத்துப் பட்டியில் பின் சரியாக ஏறவில்லை, அந்தப் பெண்ணின் விரல் நடுங்கியது. “மெதுவா குத்துடா, அவசரம் இல்ல” என்று அம்மா தமிழில் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்க அது கேட்டது. அந்த அரங்கில் நம் ஆட்களாக நானும் இன்னொரு குடும்பமும் மட்டும்தான் இருந்தோம்.

மாணவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். பட்டியலின் மற்ற இரண்டு பிரிவுகளும் சாதாரணமானவை இல்லை. நிதியுதவி அலுவலகத்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு இருபதாண்டுச் சேவைக்கான பாராட்டு. தமிழர் இல்லை, ஆனால் உங்களில் பலர் பிள்ளைகளோடு அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக அக்டோபர் 1ஆம் தேதி திறக்கும் ஃபாஃப்சா, அதாவது கல்லூரிப் படிப்புக்கு அரசின் நிதியுதவி கேட்கும் படிவம், 2024-25 கல்வியாண்டுக்கு 2023 டிசம்பர் 30ஆம் தேதிதான் எட்டிப் பார்த்தது. அதிலும், பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் படிவம் அப்போது பாதியில் நின்றுவிட்டது. அந்த வசந்த காலம் முழுக்க அந்த அம்மா மாலை ஏழு மணிக்கு மேலும் விளக்கை அணைக்காமல் இருந்தார். ஒரு மாணவியின் படிவம் ஒன்பதாவது முறை முயன்றபோதுதான் உள்ளே போனது. நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த மாணவி அன்று படிப்பை விட்டிருந்தால் நாட்டில் எந்தக் கணக்கிலும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது.

ஆசிரியர் பிரிவில் விருது வாங்கியவர் எங்கள் துறைத் தோழர். நாலு வருடம் உட்கார்ந்து, எங்கள் கால்குலஸ் வகுப்புகள் எல்லாவற்றையும் இலவசப் பாடநூலுக்கு மாற்றினார். ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள்தான் அடிப்படை, பயிற்சிக் கணக்குகள் அவர் எழுதியவை. முன்பெல்லாம் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் வரை புத்தகம் வாங்காமலே உட்கார்ந்திருப்பவர்கள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். இப்போது முதல் நாளே எல்லார் கையிலும் புத்தகம் இருக்கிறது.

போன பொதுக்குழுவில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒருவர், “அங்க பாதிப் பேர் படிப்பை முடிக்கறதே இல்லையே” என்றார். அவர் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, எங்கோ படித்த எண்ணைச் சொன்னார். அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து, முழுநேரம் படிக்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாண்டுப் படிப்பை அதே கல்லூரியில் மூன்று ஆண்டுக்குள் முடித்தார்களா என்று கணக்கிடுவதுதான் வழக்கமான பட்டம் பெறும் விகிதம். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரம் படிக்கிறவர்கள். அவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இந்தப் பையன் வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்து வந்தவன், அவனும் வரமாட்டான். இரண்டாண்டுப் பட்டம் வாங்காமல் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களும் ‘முடித்தவர்கள்’ இல்லை. முடிக்காமல் போகிறவர்கள் நிறைய உண்டு, அது எனக்குத் தூக்கம் வராத விஷயம். ஆனால் முடித்தவர்களைக் கூப்பிடாமல் இருக்க அது காரணம் ஆகாது.

இந்தக் கல்லூரிகள் நேற்று முளைத்தவை இல்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் 6 மாணவர்களோடு தொடங்கியது இந்த வகையில் முதல் பொதுக் கல்லூரி. இன்று நாடு முழுக்க ஆயிரம் கல்லூரிகள் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நம் விழாவில் நாம் பெருமையோடு சொல்கிற பெயர்களில் ஒன்று சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலத்தில் மேலே போனது. அந்தப் பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் ஐலீன் காலின்ஸ், அமெரிக்க விண்கலப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். அவர் உயர்கல்வியைத் தொடங்கியது நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில். 1976இல் அங்கே அசோசியேட் டிகிரி வாங்கிய பிறகுதான் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் போனார். நம் சந்திரசேகரின் பெயரை விண்ணில் கொண்டுபோய்ச் சேர்த்தவரே நம் படிவத்தை அந்த வருடம் நிரப்பியிருக்க முடியாது.

சரி, நான் கேட்பது என்ன? படிவத்தில் அந்த ஒரு குறிப்பை எடுத்துவிடுங்கள். ‘எந்தப் பல்கலைக்கழகம்’ என்ற இடத்தில் ‘எந்தக் கல்வி நிறுவனம்’ என்று போடுங்கள். அசோசியேட் டிகிரி, தொழிற்சான்றிதழ், உரிமத் தேர்வு, டிரான்ஸ்ஃபர் எல்லாம் அதில் அடங்கட்டும். வயது வரம்பு என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் ‘மாணவரின் பெற்றோர் பெயர்’ கட்டாயம் என்று இருக்கிறது. ஐம்பது வயதில் படித்து முடித்தவர் அங்கே என்ன எழுதுவார்? அதையும் பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு வருடமும் ஓர் ஆசிரியரையோ அலுவலரையோ விருந்தினராகக் கூப்பிடுங்கள். இந்த வருடத்துக்கு நிதியுதவி அலுவலக அம்மாவின் பெயரை நான் முன்மொழிகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களை ‘ஊக்கப் பரிசு’ என்று தனியாக, கடைசியில், அரங்கம் காலியாகும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். மற்ற பிள்ளைகளோடு, அகர வரிசையில், அதே மாதிரிப் பெயரும் படிப்பும் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவிடம் நேற்று மறுபடி பேசினேன். சங்கத்தில் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. “அவனக் கேட்டுட்டு சொல்றேன் அக்கா” என்றார். ராத்திரி பதினொன்றரைக்கு அவனிடமிருந்தே ஒரு குறுஞ்செய்தி வந்தது: “ஓகே ஆன்ட்டி. அந்த கிடங்கு அங்கிளையும் கூட்டிட்டு வரலாமா?”

படிவத்தின் கடைசித் தேதி இன்னும் பத்து நாளில் முடிகிறது. செயற்குழு அதற்குள் கூடுமானால் பட்டியலோடு நான் வருகிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர், பகுதிநேரக் கணித ஆசிரியை